வெட்டாத வெட்டிவேர்

நிலத்தை அந்நிலத்தில் விளங்கும் மலராலும் மரத்தாலும் பெயரிட்டு அழைத்த பெருமை தமிழர்க்கு உண்டு. குறிஞ்சியும் முல்லையும் மருதமும் நெய்தலும் முதலில் செடி கொடி மரங்களின் பெயர்கள். பின்னரே அவை மலைக்கும் காட்டுக்கும் வயலுக்கும் கடற்கரைக்கும் பெயராயின என்பர் அறிஞர். நீரற்று வெம்மை மிகுந்த நிலத்தையும் நம் முன்னோர் பெயரின்றி விட்டுவிடவில்லை. அதற்கும் பாலை என ஒரு மரத்தின் பெயரையே சூட்டினர். இந்த மண்ணுக்கு இது பொருந்தும், இது பொருந்தாது என்னும் தெளிவு அப்பெயரீட்டினுள் அடங்கியிருக்கிறது. வீட்டைச் சுற்றி ஒரு சிறு தோட்டம் அமைக்க விரும்புவோர்க்கு வேண்டிய முதல் அறிவும் அதுவேயாகும்.

மைசூர் மருதநிலம் அன்று. காவிரியும் கபினியும் அருகில் ஓடினாலும், ஊர் அமைந்திருப்பது மேட்டு நிலத்தில். ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெறும் இவ்வூர், மார்கழி தொடங்கிப் பங்குனி வரை பெரும்பாலும் வானத்தைப் பார்த்தே கிடக்கிறது. இத்தகைய ஊரில் தோட்டம் என்றால் எப்படி இருத்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு இப்பகுதியின் வரலாறு இரண்டு விடைகளைத் தருகிறது. ஒன்று உலகறிந்தது, மற்றொன்று நாம் பேருந்தில் கடந்து செல்லும்போது கண்ணில் பட்டும் கருத்தில் படாதது.

இரு தோட்டங்கள்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் தவறாமல் அழைத்துச் செல்லும் இடம் பிருந்தாவனத் தோட்டம். 1911இல் தொடங்கிய கண்ணம்பாடி அணை எழுந்துகொண்டிருந்த காலத்தில், 1927இல் இதன் பணி தொடங்கி 1932இல் நிறைவெய்தியது. திவான் சர் மிர்சா இஸ்மாயில் எண்ணத்தில் உருவாகி, செருமானியத் தோட்டக்கலை வல்லுநர் கிரும்பிகல் கைவண்ணத்தில் அமைந்த அது, காஷ்மீரத்து முகலாயத் தோட்டங்களின் வழியில் வந்தது. படிப்படியாக இறங்கும் தளங்கள், அவற்றினூடே ஓடும் வாய்க்கால்கள், இரவில் ஒளிரும் நீரூற்றுகள் என அங்குக் கண்ணைக் கவர்வன எல்லாம் நீரின் விளையாட்டுகளே. ஓர் அணையின் காலடியில் அமைந்த தோட்டத்துக்கு அஃது இயல்பானதுமாகும். ஆனால் அதைக் கண்டு மகிழ்ந்து வீடு திரும்பியவர், தம் 30க்கு 40 மனையின் முன்புறத்தில் பசும்புல் தரையும் வாடாத பூம்பாத்தியும் அமைக்கத் தலைப்பட்டால், அங்கேதான் கணக்குப் பிழைக்கிறது.

கணக்கு என்றேன், எழுத்தர் தொழிலில் இருப்பவனுக்குக் கூட்டிப் பார்க்கும் பழக்கம் போகாது. கோடையில் புல்தரை பசுமை மாறாதிருக்க நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் அளவு நீர் வேண்டும் என்று கொள்வோம். 100 சதுர அடிப் புல்தரைக்கு அது ஏறத்தாழ 45 லிட்டர். அதாவது பெரிய குடத்தில் மூன்று குடம். ஒரு மாதத்துக்கு 90 குடம். அத்தனையும் குடிநீர்க் குழாயிலிருந்தோ ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ வரவேண்டும். வீட்டுப் பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்ற கோடைகளை அறிந்தவர்க்கு இக்கணக்கின் பொருள் விளங்கும்.

இரண்டாவது தோட்டத்தைக் காணத் தெற்கே செல்லவேண்டும். மைசூரிலிருந்து நஞ்சன்கூடு வழியாக உதகைக்கோ கூடலூருக்கோ செல்வோர் யாவரும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் குண்டுலுப்பேட்டையைக் கடந்திருப்பர். முன்பு மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வட்டம், 1997இல் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதனோடு சேர்ந்தது. மேற்கு மலைகளும் நீலமலையும் மழையைத் தடுத்து நிறுத்தும் மறைவில் கிடக்கும் மண் இது. கேழ்வரகும் சோளமும் நிலக்கடலையும் வானம் பார்த்து விளையும் பூமி. இக்காலத்தில் சூரியகாந்தி பூத்த வயல்களில் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வோர் பலர். அவ்வட்டாரத்து வரப்புகளைப் பார்ப்போர் சிலரே.

குண்டுலுப்பேட்டை வரப்பு

இப்பகுதி உழவர்கள் தம் நிலத்தின் எல்லையில், வரப்பு நெடுக ஆளுயரப் புல் ஒன்றை நெருக்கமாக நட்டு வளர்த்து வந்தனர். கன்னடத்தில் அதற்கு ‘லாவஞ்ச’ என்று பெயர். நாம் வெட்டிவேர் என்று அழைப்பது அதுவே. நூறாண்டுகளுக்குக் குறையாமல் இவ்வேலிகள் அங்கு நின்றுவருகின்றன என்பதை, 1980களின் பிற்பகுதியில் இப்புல்லை ஆராய்ந்த வேளாண் அறிஞர்கள் பதிவு செய்துள்ளனர்.

எல்லைக்கு இப்புல்லை ஏன் தேர்ந்தெடுத்தனர்? காரணம் அதன் இயல்பில் இருக்கிறது. அறுகம்புல் தரையில் ஓடிப் பரவும். கோரை கிழங்கு விட்டுப் பரவும். வெட்டிவேருக்கு ஓடும் தண்டும் இல்லை, மண்ணுக்குள் படரும் கிழங்கும் இல்லை. தென்னாட்டு வகை முளைக்கும் விதையும் தருவதில்லை. நட்ட இடத்திலேயே தூர் கட்டித் தடித்து நிற்கும். எல்லைக் கல்லை இரவோடு இரவாகப் பெயர்த்து நடலாம்; பாட்டன் காலத்துப் புல்வேலியைப் பெயர்க்க இயலாது. வருவாய்த்துறை நில அளவைக் கோப்புகளிலே தீராத எத்தனையோ வரப்புத் தகராறுகளை நினைத்தால், அவ்வுழவரின் மதிநுட்பம் வியப்புத் தருகிறது.

எல்லை காட்டுவது அதன் ஒரு தொழில். மற்றொரு தொழில் மண்ணுக்குக் கீழே நடைபெறுகிறது. வெட்டிவேரின் வேர்கள் பக்கவாட்டில் அதிகம் பரவாமல் நேர்கீழாக இறங்குகின்றன. நல்ல மண்ணில் 3 மீட்டர் ஆழமும் அதற்கு மேலும் செல்லக்கூடியவை. மழைநீர் சரிவில் ஓடிவரும்போது நெருங்கிய தூர்கள் அதை அடைத்து நிறுத்துவதில்லை. வேகத்தைத் தணித்து, அகலப் பரப்பி, மெல்லக் கசியவிடுகின்றன. ஓட்டம் தணிந்த நீர், தான் சுமந்துவந்த வண்டலை வேலியின் மேற்புறத்தில் இறக்கிவிட்டு மண்ணுக்குள் இறங்குகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல வேலியின் பின்னே மண் தேங்கி, சரிவு தானே படிக்கட்டாக மாறுகிறது. மண்வெட்டி எடுத்துக் கரை கட்டாமலே உருவாகும் கரை அது. பிருந்தாவனத்தின் படித்தளங்கள் கல்லாலும் சுண்ணத்தாலும் ஆனவை. இவையோ புல்லாலும் பொறுமையாலும் ஆனவை.

பெயர் சென்ற பயணம்

இப்புல்லுக்கு வடமொழியில் உசீரம், இந்தியில் கஸ், மலையாளத்தில் ராமச்சம் எனப் பல பெயர்கள் உண்டு. ஆயினும் உலகம் ஏற்றுக்கொண்டது தமிழ்ப் பெயரையே. பிரெஞ்சு மொழி ‘வெட்டிவேர்’ என்னும் சொல்லை ஏற்றது. அதன் வழியே ஆங்கிலமும் பிற ஐரோப்பிய மொழிகளும் ஏற்றன. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1771இல் இப்புல்லுக்கு அறிவியற் பெயர் இட்டபோது அதில் தமிழ் இல்லை. 1822இல் பிரெஞ்சு இயற்கையறிஞர் போரி, இதனைத் தனிப் பேரினமாகக் கொண்டு ‘வெட்டிவேரியா’ எனப் பெயரிட்டார். அன்று முதல் ஏறத்தாழ 180 ஆண்டுகள் உலகத் தாவரவியல் நூல்களில் ஒரு தமிழ்ச்சொல் இலத்தீன் உடை உடுத்து வீற்றிருந்தது. 1999க்குப் பின் இப்புல் ‘கிரைசோபோகன்’ என்னும் வேறு பேரினத்தில் சேர்க்கப்பட்டாலும், வாசனைத் தைல வணிகத்திலும் வேளாண் துறையிலும் வெட்டிவேர் வெட்டிவேராகவே வழங்குகிறது.

புல்லும் பெயரோடு கடல் கடந்தது. சாவகம், ரீயூனியன், எய்ட்டி ஆகிய தீவுகளில் தைலத்துக்காகப் பயிரானது. மேற்கிந்தியத் தீவுகளில் கரும்பு வயல்களுக்கு வேலியாயிற்று. விதையில்லாத இப்புல் காற்றாலோ பறவையாலோ இவ்விடங்களுக்குச் சென்றிருக்க முடியாது. யாரோ ஒருவர் தூரைப் பிரித்துக் கையில் எடுத்துச் சென்றிருக்க வேண்டும். 1998இல் ஆடம்சு, டாஃபோர்ன் என்னும் அறிஞர்கள் பல நாட்டு வெட்டிவேர்களின் மரபணுவை ஒப்பிட்டு ஓர் உண்மையை வெளியிட்டனர். தெற்காசியாவுக்கு வெளியே மண்காப்புக்காக வளர்க்கப்படும் வெட்டிவேரில் மிகப் பெரும்பகுதி ஒரே தாய்த்தூரின் பிரிவுகளே என்பது அவ்வுண்மை. பிறந்த மண்ணைப் பிரிந்து போன இடத்தில் வேரூன்றி வாழ்வது இன்னதென்று அறிந்த நமக்கு, இச்செய்தி வெறும் தாவரவியற் செய்தியாக மட்டும் தோன்றாது.

அறிஞர் கண்ட வேலி

பாரதியார் நெஞ்சுருகிப் பாடிய பிஜித் தீவை நாம் அறிவோம். 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 இந்தியர் அங்குக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. அவர்தம் வழிவந்தோர் பயிரிட்ட அத்தீவின் மலைச்சரிவுகளில் மண் அரித்துப் போவதைத் தடுக்க, 1950களில் ஜான் கிரீன்ஃபீல்டு என்னும் வேளாண் வல்லுநர் வெட்டிவேரைச் சமமட்ட வரிசைகளில் நடச் செய்தார். பல ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோதும் அவ்வரிசைகள் அசையாமல் நின்றன; அவற்றின் பின்னே மண் தேங்கிப் படித்தளங்கள் உருவாகியிருந்தன.

1980களில் இந்தியாவின் மானாவாரி நிலங்களில் நீர்ப்பிடிப்புத் திட்டங்களை நடத்திய உலக வங்கியில், ரிச்சர்டு கிரிம்ஷா என்பாரோடு இணைந்து கிரீன்ஃபீல்டு பணியாற்றினார். மண்ணைக் குவித்துக் கரை போடுவதற்கு மாற்றாகப் புல்வேலியை அவர்கள் முன்வைத்தனர். 1987இல் இதற்கென ஒரு சிறு கையேடு வெளிவந்தது; பின்னர் அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. புதிதாக ஒரு முறையைப் பரப்ப வந்தவர்களுக்குக் குண்டுலுப்பேட்டை ஒரு வியப்பாக அமைந்தது. எந்த நிபுணரும் சொல்லாமல், எந்த அரசும் மானியம் தராமல், அம்முறையை உழவர்கள் தலைமுறைகளாகப் பின்பற்றி வந்திருக்கிறார்கள். புல்வேலி நெடுங்காலம் நிலைக்குமா, களையாகப் பரவுமா, பயிரைக் கெடுக்குமா என்ற ஐயங்களுக்கு அவ்வரப்புகள் கண்கூடான சான்றாயின. 1993இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் இப்புல்லைப் பற்றித் தனி நூலே வெளியிட்டது. தாய்லாந்து மன்னர் பூமிபால் 1991 முதல் தம் நாட்டில் இதைப் பரப்பினார். முதல் அனைத்துலக வெட்டிவேர் மாநாடு 1996இல் அந்நாட்டின் சியாங்ராய் நகரில் கூடிற்று. இதன் வேரின் இழுவலிமை மென் எஃகின் வலிமையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு என்பது மலேசியாவில் நடந்த ஆய்வின் முடிவு. இன்று நெடுஞ்சாலைச் சரிவுகளையும் ஆற்றங்கரைகளையும் காக்க அதைப் பல நாடுகள் நடுகின்றன.

வெட்டுவதும் விடுவதும்

ஈண்டு நாம் சிறிது நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெட்டிவேர் என்னும் பெயருக்கு வெட்டி எடுக்கப்படும் வேர் என்பதே பலரும் கூறும் பொருள். தமிழர் இப்புல்லை அறிந்தது வேரின் மணத்தால். தண்ணீர்ப் பானையில் இட்டோம்; விசிறியும் தட்டியும் பின்னினோம்; இறைவனுக்கு மாலையாகச் சூட்டினோம்; சித்த மருத்துவத்தில் சேர்த்தோம். கடலூர்க் கடற்கரை மணலில் இன்றும் இது பணப்பயிர். தளர்ந்த மணலாதலின் அங்கே வேரைத் தோண்டி எடுப்பது எளிது. இவற்றுள் குறை கூறத்தக்கது ஒன்றுமில்லை. ஆனால் சரிவான நிலத்தில் வேருக்காகத் தோண்டினால் காப்பதற்கென்று வந்த புல்லே மண் போவதற்குக் காரணமாகிவிடும். எய்ட்டித் தீவின் மலைச்சரிவுகளில் தைலத்துக்காகத் தோண்டியதால் நேர்ந்த மண்ணரிப்பு இதற்குச் சான்று.

பெயரிட்ட நாம் வேரை வெட்டினோம். குண்டுலுப்பேட்டை உழவர் வெட்டாமல் விட்டனர். வெட்டிய வேர் ஒரு கோடைக்கு மணம் தந்தது. வெட்டாத வேர் மூன்று தலைமுறைக்கு மண்ணைத் தந்தது. சொல்லுக்கு உரிமை கொண்டாடும் நாம், அச்சொல் சுட்டும் பொருளின் முழுப்பயனைக் கற்றுக்கொள்ளக் கன்னட உழவரின் வரப்புக்குத்தான் செல்லவேண்டியிருக்கிறது. இதனை ஒப்புக்கொள்வதில் தமிழுக்குச் சிறுமை ஏதுமில்லை. வந்தேறி வாழும் மண்ணில் அம்மண்ணின் மக்களிடமிருந்து ஒன்றைக் கற்பது நம்மை அம்மண்ணுக்கு உரியவராக்கும்.

நம் வீட்டு முற்றத்தில்

இனி, இவ்வறிவை வீட்டளவில் எப்படிப் பயன்கொள்வது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். மனையின் சரிவு எப்பக்கம் என்று முதலில் அறிதல் வேண்டும். ஒரு மழை பெய்யும்போது குடையோடு நின்று, நீர் எவ்வழியே தெருவுக்கு ஓடுகிறது என்று பார்த்தாலே போதும். அந்நீர் வெளியேறும் விளிம்பில் வெட்டிவேர் வரிசை அமையட்டும். ஆனி மாதத்து மழையில் தூரைப் பிரித்து, இரண்டு மூன்று தண்டுகள் சேர்ந்த நாற்றுகளாக்கி, இலையையும் வேரையும் சாண் அளவுக்கு நறுக்கி, அரைச் சாண் இடைவெளியில் நடவேண்டும். முதல் இரண்டு மூன்று மாதம் மழை தவறினால் நீர் விடவேண்டும். வேர் இறங்கியபின் அது நம்மை எதிர்பார்ப்பதில்லை. ஆண்டுக்கு இருமுறை முழங்கால் உயரத்துக்கு நறுக்கினால் தூர் தடிக்கும். நறுக்கிய தழையைச் செடிகளின் அடியில் பரப்பினால் ஈரம் காக்கும். வெயில் நன்கு படும் இடமே இதற்கு உகந்தது, மரநிழலில் மெலிந்துவிடும். விதை போட்டு வளர்க்கும் வகையை நாடாமல், தூர் பிரித்து நடும் தென்னாட்டு வகையையே கேட்டு வாங்குதல் நன்று.

அவ்வரிசையின் மேற்புறத்தில் தேங்கும் ஈரமே மற்றச் செடிகளுக்கு முதலீடு. அங்கே வைக்கத்தக்க புதர்ச்செடிகளுள் முதலாவது ஆவாரை. கன்னடர் தங்கடி என்றும் ஆவரிகெ என்றும் வழங்கும் இது, இப்பகுதிக் கரம்புகளில் யாரும் நீர் ஊற்றாமலே பொன்னிறமாகப் பூக்கிறது. காசு கொடுத்து வாங்கும் செடிகளுக்கு அழகில் இளைத்ததன்று. நொச்சி, நந்தியாவட்டை, அரளி ஆகியனவும் வறட்சியைத் தாங்குவன. அரளியின் எல்லாப் பகுதியும் நஞ்சாதலால் சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அதைத் தவிர்க்கவேண்டும். சிறு மரங்களுள் சித்திரையில் பொன்மாலை தொங்கவிடும் சரக்கொன்றை, மந்தாரை, நெல்லி, வில்வம், பவழமல்லி, வெட்பாலை ஆகியவை மைசூர் மண்ணுக்கு ஏற்றவை. சிறு மனைக்கு இவற்றுள் ஒன்றோ இரண்டோ போதும். முதல் இரண்டு கோடையில் மட்டும் வாரம் ஒருமுறை ஆழ நீர் விடுதல் நலம். நாள்தோறும் சிறிது தெளித்தால் வேர் மேலேயே தங்கி, செடி நம்மை என்றும் சார்ந்தே நிற்கும்.

எம் போன்ற நடுவணரசு ஊழியர் பலர் குடியிருப்பது அரசு மனையில்; மாற்றல் ஆணை வந்தால் விட்டுச் செல்லவேண்டியதே. பிறர் வந்து வாழப்போகும் வீட்டில் எதற்கு மரம் என்று கேட்போர் உண்டு. நீர் கேளாத செடியே அத்தகைய வீட்டுக்கும் ஏற்றது. அடுத்து வருபவர் பேணாவிட்டாலும் அது பிழைத்துக்கொள்ளும்.

காவிரியும் நாமும்

நீரைப் பற்றிப் பேசும் மைசூர்த் தமிழர் காவிரியைப் பேசாமல் இருக்க முடியாது. 1924ஆம் ஆண்டு ஒப்பந்தம் முதல் 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு வரை, இவ்வாற்று நீரின் பங்கீடு இரு மாநிலத்தாரையும் உறங்கவிடவில்லை. 1991 டிசம்பரில் அவ்வழக்கின் பெயரால் பெங்களூரிலும் மைசூர் வட்டாரத்திலும் தமிழ்க் குடும்பங்கள் பட்ட துயரம் இன்னும் பலர் நெஞ்சில் ஆறாதிருக்கிறது. 2023இல் பருவமழை பொய்த்தபோது கர்நாடகத்தில் 223 வட்டங்கள் வறட்சிக்கு ஆளானவையென அறிவிக்கப்பட்டன. தஞ்சையில் குறுவை வாடியது. மழை குறைந்த ஆண்டில் கண்ணம்பாடியும் வாடுகிறது, மேட்டூரும் வாடுகிறது.

அவ்வழக்கைத் தீர்க்கும் ஆற்றல் எழுத்தர்க்கும் இல்லை, ஒரு தோட்டத்துக்கும் இல்லை. ஒரு வீட்டில் மிச்சமாகும் மூன்று குடம் நீரால் தஞ்சை வயல் நனைந்துவிடப் போவதுமில்லை. எனினும், இங்குள்ள அண்டை வீட்டாரோடு ஒரே குழாயில் நீர் பிடிக்கும் நாம், அக்குழாயைச் செடிக்காகத் திறந்து வைக்காமல் வாழ முடியும் என்பது சிறிய செய்தி அன்று. கோடையில் நம் வாசலில் நீர் கேளாமல் பூத்து நிற்கும் ஆவாரையைப் பார்த்து அவர் வியந்தால், உங்கள் குண்டுலுப்பேட்டை கற்றுத் தந்தது என்று அவர் மொழியிலேயே நாம் கூறலாம்.

வருகின்ற ஆனி மாதத்தில், தெற்கே செல்லும் சங்க அன்பர்கள் சாலையோரத்து உழவர் ஒருவரிடம் லாவஞ்சத் தூர் ஒன்று கேட்டுப் பெற்று வருவார்களாக. ஒரு தூரிலிருந்து பத்து நாற்று பிரியும்; பத்து வீடுகளுக்கு ஆகும். வீட்டுக்கு வந்தபின் அதை வெட்டிவேர் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். வெட்டாமல் வளர்க்கவும் சொல்லிக் கொடுப்போம்.